வானம் பார்த்த வளவு: எஞ்சின் ஓடாமல் ஓடும் வீடு

சென்ற இதழில், மொட்டை மாடியில் நின்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தை வெறுங்கண்ணால் பார்ப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். கானாடுகாத்தானில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினோரு பேரோடு ஒரு மாலை மாடியேறிப் பார்த்ததையும் சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் இயற்பியல் நடத்தியவளுக்கு இதைவிட சந்தோஷம் வேறு இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் போதாது. பாதிக் கடிதங்களில் ஒரே சந்தேகம்தான் இருந்தது. அதை நன்றாகக் கேட்டிருந்தவரிடமிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: டீச்சர், நான் ரைஸ் மில்லில் இருபத்தெட்டு வருடம் எஞ்சின் பார்த்தவன். அந்த நிலையம் மணிக்கு 27,600 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, எடை 420 டன் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு எடையை அந்த வேகத்தில் இழுக்க எத்தனை குதிரைசக்தி எஞ்சின் வைத்திருக்கிறார்கள்? எரிபொருளுக்கு என்ன செய்கிறார்கள்? இருபது வருடத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடினால் எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?
— ஒரு வாசகர், புதுவயல்

அண்ணே, எஞ்சின் பார்த்த கை உங்களுடையது. அதனால் உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். அதை ஓட்டுவதற்கு அங்கே எந்த எஞ்சினும் ஓடவில்லை. நீங்கள் இதைப் படிக்கிற இந்த நேரத்திலும், அநேகமாக ஒரு சொட்டு எரிபொருள்கூடச் செலவாகாமல்தான் அது நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். காரைக்குடியில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்தத் தூரத்தை அது ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடும்.

மில்லில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அணைத்தால் ஃப்ளைவீல் உடனே நின்றுவிடாது. தானாகச் சுற்றிக்கொண்டே இருந்து, மெல்ல மெல்லத்தான் ஓயும். அதை ஓயவைப்பது பேரிங்கின் உரசலும் சுற்றியுள்ள காற்றும். பேரிங் நல்லதாக இருந்து, எண்ணெயும் விட்டிருந்தால் இன்னும் ரொம்ப நேரம் சுற்றும். நெல் அரைபடும்போதுதான் எஞ்சின் விடாமல் வேலை செய்தாக வேண்டும், ஏனென்றால் நெல் ஒவ்வொரு நொடியும் அந்த ஓட்டத்தைத் தின்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பிடித்து நிறுத்த ஏதாவது இருந்தால்தான் அதை மீறத் தள்ள வேண்டும். தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் பிடித்து நிறுத்த அநேகமாக ஒன்றுமே இல்லை.

சரி, அப்படியென்றால் நேராகப் போய் எங்கேயாவது தொலைய வேண்டியதுதானே, ஏன் பூமியையே சுற்றி வருகிறது என்று அடுத்து கேட்பீர்கள். காரணம், அது விழுந்துகொண்டே இருக்கிறது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஊருணிக் கரையில் நின்று ஒரு கல்லைப் படுக்கை வாட்டத்தில் வீசிப் பாருங்கள். கொஞ்ச தூரம் போய் வளைந்து தண்ணீரில் விழும். இன்னும் வேகமாக வீசினால் எதிர்க்கரை. இன்னும் வேகமாக, இன்னும் உயரத்திலிருந்து என்று நியூட்டன் மனசுக்குள்ளேயே யோசித்துக்கொண்டு போனார். மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்துச் சுடுவதாகக் கற்பனை செய்தார். பூமி தட்டையாக இருந்தால் குண்டு எங்காவது விழுந்துதான் தீர வேண்டும். பூமி உருண்டை ஆயிற்றே. குண்டு விழ விழ, தரையும் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகும்.

கணக்கைப் பாருங்கள், எத்தனை முறை போட்டாலும் எனக்குச் சலிக்காத கணக்கு இது. நிலையம் ஒரு நொடியில் சுமார் நாலேகால் மீட்டர் பூமியை நோக்கி விழுகிறது. அதே ஒரு நொடியில் 7.66 கிலோமீட்டர் முன்னால் போகிறது. அவ்வளவு தூரம் போவதற்குள், பூமியின் வளைவு அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கும் தெரியுமா? அதே நாலேகால் மீட்டர். விழுந்த அளவும் விலகிய அளவும் சரிக்குச் சரி. அடுத்த நொடியும் அப்படியே, அதற்கடுத்த நொடியும் அப்படியே. 92 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும்போது பூமியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்தரைச் சுற்று.

அந்த வேகத்தை யார் கொடுத்தது என்றால், ஏவிய ராக்கெட்டுகள். முதல் பகுதியான ஸார்யா 1998 நவம்பர் 20 அன்று கஜகஸ்தானில் உள்ள பைக்கானூரிலிருந்து போனது. அப்புறம் நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்களில் துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கோத்தார்கள். வந்து சேர்ந்த ஒவ்வொரு துண்டும் அதே வேகத்தை எட்டிய பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவர் பாஷையில் சொன்னால், வேகம் என்பது ராக்கெட் போட்டுவிட்டுப் போன முதல். ஒருமுறை போட்டது, கரையாமல் நிற்கிறது.

முற்றிலும் கரையவில்லை என்று சொல்ல முடியாது. அந்த உயரத்திலும் காற்றின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. நாம் வெற்றிடம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு மெல்லியது. ஆனால் ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் உள்ள பொருள் அந்த வேகத்தில் போகும்போது அதுவும் உரசும். மாதத்துக்குச் சராசரியாக 2 கிலோமீட்டர் உயரம் இப்படிக் குறைகிறது. சூரியன் கொந்தளிக்கிற வருடங்களில் வளிமண்டலத்தின் மேல்பகுதி சூடாகி உப்பிவிடும். அப்போது இழப்பு கூடும்.

இங்கேதான் நீங்கள் தேடிய எஞ்சின் வருகிறது. ரஷ்யாவின் பிராக்ரஸ் சரக்குக் கலம் அங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, அதன் எஞ்சினைச் சில நிமிடங்கள் இயக்கி நிலையத்தைப் பின்னாலிருந்து தள்ளுவார்கள். ஸ்வெஸ்டா என்ற பகுதியிலும் எஞ்சின் உண்டு. அமெரிக்காவின் சிக்னஸ், டிராகன் சரக்குக் கலங்களும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. எவ்வளவு வேகம் கூட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நொடிக்கு 1 மீட்டர் கூட்டினாலே உயரம் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் கூடிவிடும். ஒரு மாத இழப்பை ஈடுகட்ட, நாம் சாயங்காலம் காலாற நடக்கிற வேகம் போதும். நான் இதை முதன்முதலாகக் கணக்குப் போட்டு விடை பார்த்தபோது நோட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: அங்கே புவியீர்ப்பு இல்லாததால்தான் மிதக்கிறார்கள் என்று என் அண்ணன் சொல்கிறான். சரியா டீச்சர்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், தேவகோட்டை

இல்லை தம்பி. அந்த உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 89 விழுக்காடு அப்படியே இருக்கிறது. அது இல்லாவிட்டால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேராக ஓடிவிடும்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போடு. விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பு. மூடியைப் போடாதே. விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும், அது தெரிந்ததுதான். இப்போது பெரியவர் யாராவது கூட இருக்க, மாடியிலிருந்து அந்தப் பாட்டிலை அப்படியே கீழே விடு. கீழே நிற்கிற உன் அண்ணனை நன்றாகக் கவனிக்கச் சொல். பாட்டில் விழுகிற அந்த ஒரு நொடியும் துளையிலிருந்து தண்ணீர் வராது. தண்ணீரும் விழுகிறது, பாட்டிலும் அதே வேகத்தில் விழுகிறது. தண்ணீர் பாட்டிலின் அடியை அழுத்தவே இல்லை, பின்னே எப்படிப் பீய்ச்சும்? நிலையமும் உள்ளே இருப்பவர்களும் அந்தப் பாட்டிலும் தண்ணீரும்போலத்தான். சேர்ந்து விழுகிறார்கள். உன் பாட்டில் ஒரு நொடியில் தரையைத் தொட்டுவிடும். அவர்கள் 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் போகாத ஒரு வீட்டில், மாறி மாறி, விழுந்துகொண்டே குடியிருக்கிறார்கள்.

கொப்புடைய அம்மன் திருவிழாவில் ராட்டினம் உச்சிக்குப் போய் இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வரும் இல்லையா, அது இதே அனுபவத்தின் ஒரு துளி.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம் டீச்சர். மழை மூட்டம் என்றால் திண்டாட்டம், ராத்திரிக்குக் கரண்ட் கம்பியைத்தான் நம்ப வேண்டும். அங்கே ஒரு நாளைக்குப் பதினாறு முறை ராத்திரி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கம்பியும் கிடையாது. எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— ஒரு வாசகி, கண்டனூர்

ஆச்சி, வீட்டுக் கணக்கு பார்க்கிறவர்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

வரவு முழுக்கச் சூரியன். நிலையத்தின் முதுகெலும்புபோல நீளமான ஒரு சட்டம் இருக்கிறது. அதன் இரு பக்கமும் நான்கு நான்காக எட்டு சூரிய இறக்கைகள். ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் நடந்து பார்த்தால் ஓர் இறக்கையின் நீளம் பிடிபடும். நாள்பட்ட இறக்கைகளின் திறன் குறைந்ததால், 2021-லிருந்து 2023 வரை ஆறு புதிய தகடுகளைப் பழையவற்றின் மேலேயே போட்டார்கள். கல்யாண வீட்டு ஜமுக்காளம்போலச் சுருட்டிக் கொண்டுபோய், அங்கே கட்டவிழ்த்ததும் தானாக விரிந்து விறைத்துக்கொள்ளும் தகடுகள் அவை. எல்லாம் சேர்ந்து பயன்பாட்டுக்குக் கிடைப்பது 84 முதல் 120 கிலோவாட் என்று நாசா சொல்கிறது. உங்கள் வீட்டு மாடியைப்போல முப்பது, நாற்பது மாடிகள் உச்சி வெயிலில் தருகிற அளவு.

உங்கள் தகடு ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர்களுடைய இறக்கை சூரியனைத் தேடித் திரும்பும். நிலையம் பூமியைச் சுற்றும்போது சூரியன் இருக்கிற திசை மாறிக்கொண்டே இருக்குமே, அதனால் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள பெரிய சுழல்மூட்டுகள் இறக்கைகளை ஒரு சுற்றுக்கு ஒரு முழுத் திருப்பு திருப்புகின்றன. பூமியின் நிழலுக்குள் போனதும் சூரியகாந்திபோலத் திரும்புகிற வேலை இல்லை. அப்போது இறக்கையை விளிம்பு முன்னால் இருக்கும்படி திருப்பிவைத்து, காற்றின் மிச்சம் அதில் மோதாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. மின்சாரத்துக்காக விரித்த இறக்கைதான் உயரத்தையும் தின்கிறது. நான் முன்னே புதுவயல் அண்ணனுக்குச் சொன்ன இழப்பில் இதற்கும் பங்கு உண்டு. ஒரு பக்கத்து வரவு இன்னொரு பக்கத்தில் செலவாக நிற்கிறது.

இனி ராத்திரி. ஒரு சுற்றில் சுமார் 35 நிமிடம் பூமியின் நிழலில் கழியும். அதற்குப் பேட்டரிதான். வெயிலில் இருக்கும்போது இறக்கைகள் உண்டாக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு பேட்டரியை நிரப்பப் போய்விடுகிறது. நூறு ரூபாய் வந்தால் அறுபதை ராத்திரிக்கு எடுத்துவைத்துவிட்டு நாற்பதில் பகலை ஓட்டுகிறார்கள். என் அப்பா ஐந்தொகை எழுதும்போது வரவும் பற்றும் காசு சுத்தமாக நேர்ப்பட்டால்தான் எழுந்திருப்பார், இல்லாவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும். நிலையத்திலோ அந்த ஐந்தொகையைத் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை நேர்ப்படுத்தியாக வேண்டும். ஜூன், டிசம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் சுற்றுப்பாதை சூரியனுக்கு வாட்டமாக அமைந்துவிடும். அப்போது நிழலே படாமல் தொடர்ந்து பகலாகவே இருக்கும்.

வருடத்துக்கு 5,600 தடவைக்கு மேல் நிரம்பி வடியும் பேட்டரி எவ்வளவு உழைப்பாளியாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கைபேசியை தினம் ஒருமுறை சார்ஜ் போட்டால் அந்த எண்ணிக்கையை எட்டப் பதினைந்து வருடம் ஆகும். முதலில் நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகள் 48 வைத்திருந்தார்கள். 2017 ஜனவரியிலிருந்து 2021 பிப்ரவரி வரை விண்வெளி வீரர்கள் வெளியே இறங்கி அவற்றைக் கழற்றிவிட்டு, அவற்றுக்குப் பதில் 24 லித்தியம்-அயனி பேட்டரிகளைப் பொருத்தினார்கள்.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. லித்தியம் பேட்டரியின் உள்ளே நடப்பது மின்வேதியியல். அதற்கென்றே நாட்டின் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றும் நடக்கிறது. அந்த வளாகத்து மதில் ஓரமாகப் பேருந்தில் போகிற பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வீட்டில் சொல்லுங்கள் ஆச்சி.

விண்வெளி நிலையத்திலும் பழுது வரும். 2007-ல் வலப்பக்கச் சுழல்மூட்டு அதிர ஆரம்பித்தது. ஒரு வீரர் போய் உறையைத் திறந்து பார்த்தால் உள்ளே இரும்புத் துகள் படிந்து கிடக்கிறது. மசகு போதாமல் வளையம் தேய்ந்திருக்கிறது. அடுத்த வருடம் இன்னொரு குழு போய்த் துடைத்து, கிரீஸ் தடவி, பேரிங்குகளை மாற்றியது. அதே 2007-ல் ஓர் இறக்கையை விரிக்கும்போது கம்பி சிக்கிக் கிழிந்துவிட்டது. வெயில் படுகிற வரை இறக்கையில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மெயினை அணைத்துவிட்டு வேலை செய்ய வழியில்லை. ஸ்காட் பாரசின்ஸ்கி என்ற வீரர், உடையிலும் கருவிகளிலும் உலோகம் தெரிகிற இடமெல்லாம் மின்காப்பு நாடா சுற்றிக்கொண்டு, நீண்ட இயந்திரக் கையின் நுனியில் நின்று, நிலையத்தில் கிடைத்த கம்பியையும் தகட்டையும் வைத்துச் சட்டைக் கைப்பொத்தான்போலச் செய்த ஐந்து பிடிப்புகளால் அந்தக் கிழிசலைத் தைத்தார். அவர் படிப்பால் மருத்துவர். தையல் கை வந்திருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உள்ளே செலவாகிற மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறும். நம் வீட்டில் அது ஜன்னல் வழியாகக் காற்றோடு போய்விடும். அங்கே வெளியே காற்று இல்லை. அதனால் குழாய்களில் அம்மோனியாவை ஓடவிட்டு, அது சூட்டைச் சுமந்துகொண்டுபோய் வெள்ளை நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பலகைகளில் சேர்க்க, அங்கிருந்து விண்வெளிக்குக் கதிராகக் கழிகிறது. படத்தில் பார்க்கும்போது பொன்னிற இறக்கைகளை மட்டும் பார்க்காதீர்கள், அந்த வெள்ளைப் பலகைகளையும் தேடுங்கள்.

கேள்வி: எப்போதும் ஒரே பக்கம் பூமியைப் பார்த்துக்கொண்டே சுற்றுவதாகப் படித்தேன். அவ்வளவு பெரியதைத் திருப்பி நிறுத்துவது எப்படி?
— ஒரு வாசகர், பள்ளத்தூர்

பம்பரத்தால். நிலையத்தின் நடுப்பகுதியில் நான்கு கனமான சக்கரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிலோ, நிமிடத்துக்கு 6,600 சுற்று. சுற்றுகிற பம்பரத்தைத் தட்டினால் அது லேசில் சாயாது, எதிர்த்து நிற்கும். இந்தச் சக்கரங்களின் அச்சை மோட்டாரால் சாய்க்கும்போது அவை எதிர்ப்பைக் காட்ட, அந்த எதிர்ப்பே நிலையத்தை மெல்லத் திருப்பும். நிமிடத்துக்கு நான்கு டிகிரி திரும்பினால் போதும், ஒரு சுற்றில் முழுத் திருப்பு ஆகிவிடும். செலவு மின்சாரம் மட்டும்தான், அது சூரியன் கொடுப்பது. சில சமயம் சக்கரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து எல்லைக்கு வந்துவிடும். அப்போது மட்டும் சிறிய உந்திகளைக் கொஞ்சம் இயக்கி விடுவிப்பார்கள்.

கேள்வி: தினமும் ஏன் கண்ணில் படுவதில்லை? ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.
— பல வாசகர்கள்

அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதன் மேல் வெயில் பட வேண்டும். அதனால் அந்தி சாய்ந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரமும் விடியலுக்கு முந்தைய அதே அளவு நேரமும்தான் தோது. நடு ராத்திரியில் நம் தலைக்கு மேலேயே போனாலும் அதுவும் நிழலில் இருக்கும். அப்புறம், ஒரு சுற்று முடித்து வருவதற்குள் பூமி தன் பங்குக்குத் திரும்பிவிடுவதால் அடுத்த பாதை சுமார் 23 டிகிரி மேற்கே தள்ளிப்போகும், நம் ஊருக்கு மேலேயே வராது.

கேள்வி: சுபான்ஷு சுக்லா போய் வந்தது இந்த நிலையத்துக்குத்தானா? நமக்கென்று ஒன்று வருமா?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

இதே நிலையம்தான். 2025 ஜூன் 26-ல் போய்ச் சேர்ந்து, ஜூலை 14-ல் கிளம்பினார். அதற்கு முன் 1984-ல் ராகேஷ் சர்மா போனது சோவியத் நாட்டின் சல்யூட் 7 நிலையத்துக்கு. 2035-க்குள் நமக்கென்று ஒரு நிலையம் என்பது இஸ்ரோவின் திட்டம். துண்டு துண்டாகக் கோக்க, ஓடுகிற இரண்டு கலங்களை விண்வெளியிலேயே இணைக்கத் தெரிய வேண்டும். அந்த வித்தையை 2025 ஜனவரி 16-ல் ஸ்பேடெக்ஸ் கலங்கள் செய்து காட்டிவிட்டன. அந்தச் செய்தி வந்த காலையில் நான் பழைய மாணவர்களில் எத்தனை பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு எண்பத்து நான்கு வயது. பேரன் உங்கள் பகுதியை வாசித்துக் காட்டுவான். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது. இதுவும் ஒரு நாள் விழுமா? நம்ம வீடுகளின் மேல் விழுமா?
— ஓர் ஆச்சி, கோனாபட்டு

ஆச்சி, அந்த ராத்திரி எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1979 ஜூலை 11. எனக்குப் பதினைந்து வயது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆட்டை அடித்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள், இருக்கப்போவது இன்றைக்கு மட்டும்தானே என்று. சாயங்காலம் ஆனதும் ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லோரும் அப்பா வேலை பார்த்த செட்டியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவர் கனம், தேக்குத் தூண், இடிந்தாலும் அந்த வீடு தாங்கும் என்று நம்பிக்கை. நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். வளவைச் சுற்றியுள்ள பத்திகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோமே தவிர, நடுவே திறந்து கிடந்த வளவு வாசலில் ஒருவர்கூடக் காலை வைக்கவில்லை. மேலே வானம் தெரிகிற இடம் ஆயிற்றே. அந்த வீட்டு ஆச்சி எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். அப்பா முகப்பில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். யாரோ, "கணக்குப்பிள்ளை, இன்னைக்குமா?" என்று கேட்டார்கள். அவர், "கையிருப்பை நாளைக்கு எடுத்து எழுதணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

நம் கடிகாரத்தில் ராத்திரி பத்து மணியை ஒட்டி அது விழுந்தது. இந்தியப் பெருங்கடலிலும், ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்திலும். யாருக்கும் காயம் இல்லை. எங்களுக்குக் காலையில் ரேடியோ சொல்லித்தான் தெரிந்தது.

அது ஏன் அப்படி விழுந்தது என்று பிற்பாடு படித்தபோதுதான் எனக்கு இந்தத் துறையின் மேல் பிடிப்பே வந்தது. ஸ்கைலாபில் 1974 பிப்ரவரிக்குப் பிறகு ஆளில்லை. அதைத் தள்ளி உயர்த்த, அப்போது கட்டிக்கொண்டிருந்த விண்வெளி ஓடத்தை நம்பியிருந்தார்கள். ஓடம் முதன்முதலாகப் பறந்ததே 1981-ல். அதற்குள் சூரியனின் கொந்தளிப்பு கூடி, வளிமண்டலம் உப்பி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உரசி இறக்கிவிட்டது. மாதாமாதம் கரைகிற முதலை ஈடுகட்ட யாரும் போகவில்லை.

இப்போது இருக்கிற நிலையமும் ஒரு நாள் இறங்கத்தான் வேண்டும் ஆச்சி. 2030 வரை வைத்திருப்பதாகத் திட்டம். ஆனால் தானாக விழட்டும் என்று விடப்போவதில்லை. அதைக் கட்டுப்பாட்டோடு கீழே தள்ளுவதற்கென்றே ஒரு கலத்தைக் கட்டும் பொறுப்பை 2024-ல் நாசா ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறது. மேலே தள்ளுவதற்கு எஞ்சினை இயக்குகிற அதே வேலைதான், திசை மட்டும் எதிர்ப்பக்கம். வேகத்தைக் குறைத்தால் விழுகிற அளவு முந்திக்கொள்ளும். பெரும்பகுதி காற்றில் எரிந்துபோக, மிச்சம் பசிபிக் கடலில், கரைகளிலிருந்து வெகுதூரத்தில் விழும்படி இறக்குவார்கள். நம் வீடுகளுக்குப் பயமில்லை.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பேரனைக் கைபேசியில் நேரம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நேர் உச்சியில் கடக்கிற மாலை ஒன்று வரும். மாடி ஏற முடியாவிட்டால் பரவாயில்லை, அன்றைக்கு நாங்கள் யாரும் காலை வைக்காத அந்த வளவு வாசலைப்போல, உங்கள் வீட்டு வளவு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். மேற்கு ஓட்டுச் சரிவின் மேலிருந்து, மினுக்காத ஒரு வெள்ளைப் புள்ளி வரும். உங்கள் சதுர வானத்தைக் கடந்து கிழக்குச் சரிவுக்குப் பின்னால் மறைய ஒன்று, ஒன்றரை நிமிடம் ஆகும். பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.